அக்கா போட்ட ஓட்டு

தம்பி மகள் கல்யாணத்துக்கென்று கடல் தாண்டி வந்த அக்கா, முகூர்த்தத்துக்குப் பத்து நாள்கூட இல்லாத நேரத்தில் பையைக் கட்டிக் கூடத்தில் வைத்தால் தம்பிக்காரனுக்கு என்ன தோன்றும்? வேல்ராஜுக்கு முதலில் பயம்தான் வந்தது. வீட்டில் யாரோ அக்காவை ஏதோ சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தார். மனைவி வள்ளியின் முகத்தைப் பார்த்தார். அவளும் இவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் ஒண்ணும் சொல்லலடா தம்பி. வர்ற வியாழக்கிழமை அங்க எலெக்சன். வோட்டுப் போட்டுட்டு வந்துர்றேன்" என்றாள் அக்கா இருளாயி.

"ஓட்டா?"

"ஆமா. பாராளுமன்றத்துக்கு."

வேல்ராஜ் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இலங்கையில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் தான் வாக்குப் போடும் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னாள். போன தேர்தல் அன்றைக்குப் போல மழை பெய்யாமல் இருந்தால் நல்லது என்றாள்.

"அக்கா, நீ பொண்ணுக்கு அத்தை. நலுங்குக்கு நீ வேணும், பட்டு எடுக்க நீ வேணும். ஒத்த ஓட்டுக்காக யாராச்சும் ஏரோப்ளேன் ஏறிப் போவாங்களா?"

"நான் போவேன்" என்றாள் இருளாயி. "ரெண்டு தடவை வந்து போற விசாதான் எடுத்திருக்கேன். மவன் டிக்கெட்டு போட்டுட்டான். கல்யாணத்துக்கு முந்துன நாளு இங்க நிப்பேன். ஏசாத."

அக்காவுக்கு வயது அறுபத்தேழு. முட்டி வலி. அட்டுவம்பட்டியில் வேல்ராஜ் வீட்டுப் படி நாலையும் ஏற அவள் ஒரு பாட்டம் மூச்சு வாங்குவாள். அப்படிப்பட்டவள் கொடைக்கானல் மலை இறங்கி, மதுரையில் விமானம் ஏறி, கொழும்பில் இறங்கி, மறுபடி இன்னொரு மலை ஏறி, ஒரு காகிதத்தில் கோடு கிழித்துவிட்டு அதே வழியில் திரும்பி வருவாளாம். வேல்ராஜுக்கு இது எந்தக் கணக்கிலும் வரவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இலங்கைத் தேர்தல் விவகாரத்தில் அந்த ஊரிலேயே விவரம் தெரிந்தவர் வேல்ராஜ்தான். இந்தியா இலங்கை ஒப்பந்தப்படி எழுபத்தைந்தில் அப்பா மலைச்சாமி, அம்மாவையும் ஒன்பது வயது வேல்ராஜையும் கூட்டிக்கொண்டு கப்பலேறி ராமேஸ்வரம் வந்தார். மாவுப் பஞ்சத்தில் தோட்டமே வெறும் வயிறாகக் கிடந்த காலம் அது. இருளாயிக்கு அப்போதுதான் கல்யாணம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் புறப்பட மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார்கள். மண்டபம் முகாமிலிருந்து கொடைக்கானல் காட்டு வேலைக்கு வந்து சேர்ந்த மலைச்சாமிக்கு, சாகும்வரை ஒரு பெருமை உண்டு. நாற்பத்தேழில் இலங்கையில் நடந்த முதல் பாராளுமன்றத் தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டிருந்தார்.

"ஏழு பேருடா! தோட்டத்து ஆளுக ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினோம். அடுத்த வருசமே பிரஜாவுரிமையப் புடுங்கிட்டானுக. அம்பத்திரண்டுல எங்களுக்கு ஓட்டே இல்ல" என்பார்.

அப்பா சொல்லி நிறுத்திய இடத்திலிருந்து வேல்ராஜ் பிடித்துக்கொண்டார். எழுபதில் பிரதமரான அம்மையாரின் கட்சி அள்ளியது, எழுபத்தேழில் அதே கட்சி எட்டு இடத்துக்குச் சுருங்கி யானைச் சின்னக் கட்சி நூற்றைத் தாண்டிப் போனது, அந்த வெள்ளத்திலும் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் முப்பது வருடம் கழித்து மறுபடி ஜெயித்துப் பாராளுமன்றத்துக்குப் போனது எல்லாம் அவருக்கு மனப்பாடம். முன்பு ரேடியோவில் கேட்பார், இப்போது செல்போனில் பார்க்கிறார். சங்கத்தின் சேவல் சின்னம் எத்தனை இடம் பிடித்தது என்பதுதான் ஒவ்வொரு தடவையும் அவருக்கு முக்கியம். சேவல் கூவினால் நாம் ஜெயித்தோம். கூவாவிட்டால் தோற்றோம். அவருக்கு இதில் குழப்பமே இருந்ததில்லை.

அதனால் அக்காவை மதுரைக்குத் தன் வாடகை வேனில் கொண்டுபோய் விடும்போது தன்னைத்தானே ஒருமாதிரி தேற்றிக்கொண்டார்.

"சரி விடு. சேவலுக்கு ஒரு ஓட்டுக் கொறஞ்சிறக் கூடாதுன்னு போற. அப்பா இருந்தாலும் போகத்தான் சொல்லுவாரு" என்றார்.

இருளாயி ஜன்னலுக்கு வெளியே தென்னந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். தூக்கக் கலக்கம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை கொடைக்கானலில் பனி இறங்கி எதிரில் நிற்கும் வண்டி தெரியவில்லை. ஐப்பசி மழைக்குப் பயந்து டூரிஸ்ட் கூட்டமும் இல்லை. ஏரிக்குப் பக்கத்து வேன் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு வேல்ராஜ் வெள்ளனே இருந்தே செல்போனில் தேர்தல் முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வேன்காரர் அடைக்கலராஜ் இரண்டு டீயோடு வந்தார்.

"என்னண்ணே, ஒங்க நாட்டு ரிசல்ட் வந்திருச்சா?"

'ஒங்க நாடு' என்று சொன்னால் வேல்ராஜுக்குச் சுருக்கென்று இருக்கும். ஐம்பது வருடம் ஆகப்போகிறது, இன்னும் சிலோன்காரர். ஆனால் அன்றைக்குச் சுருக்கென்று இருக்கவில்லை. வேறு குழப்பத்தில் இருந்தார்.

"சேவலக் காணோம்யா" என்றார்.

"சேவலா?"

"நம்ம சங்கத்துச் சின்னம். அக்கா ஊரு மாவட்டத்துல தேடுறேன், தேடுறேன், பேரே இல்ல."

அடைக்கலராஜ் தலையை நீட்டிப் பார்த்தார். திரையில் யானை இருந்தது, டெலிபோன் இருந்தது, திசைகாட்டி இருந்தது. சேவல் இல்லை. அப்புறம் ஒரு செய்தியை இரண்டு தடவை படித்த பிறகுதான் விளங்கியது. அங்கே சேவல்காரர்கள் இந்தத் தடவை யானைச் சின்னத்தில் நின்றிருக்கிறார்கள். யானைக்கோ அந்த மாவட்டத்தில் ஒரே ஒரு இடம். இடதுசாரிகளின் திசைகாட்டிதான் எல்லாப் பக்கமும் சுற்றியது. இருநூற்று இருபத்தைந்தில் நூற்றைம்பத்தொன்பது. வடக்கே தமிழர் ஊரிலும் அதுதான் முந்தியிருந்தது.

"அப்ப நீங்க ஜெயிச்சீங்களா, தோத்தீங்களா?" என்று கேட்டார் அடைக்கலராஜ்.

"தோத்துட்டோம்" என்றார் வேல்ராஜ். பாவம் அக்கா, அவ்வளவு தூரம் முட்டி வலியோடு போனாளே என்று நினைத்துக்கொண்டார். ஆறுதல் சொல்லலாம் என்று போன் போட்டார்.

ஒரே மணியில் எடுத்தாள். பின்னால் வெடிச் சத்தம், பிள்ளைகள் கூச்சல்.

"தம்பி! பாத்தியா? நாம ஜெயிச்சிட்டோம்!"

"எங்கக்கா ஜெயிச்சோம்? சேவல் யானை மேல ஏறி நின்னு கவுந்து போச்சு. ஒனக்கு யாரோ தப்பாச் சொல்லிட்டாங்க."

"எந்தச் சேவல்? நான் திசைகாட்டிக்குல்ல புள்ளடி போட்டேன்."

புள்ளடி என்றால் அங்கே வாக்குச் சீட்டில் போடும் பெருக்கல் குறி. அது வேல்ராஜுக்குத் தெரியும். திசைகாட்டி யாருடையது என்பதும் தெரியும். இரண்டும் சேர்ந்து அக்கா வாயிலிருந்து வந்ததுதான் அவருக்கு ஏறவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்து, அக்கா நம்பர்தானா என்று பார்த்துவிட்டு மறுபடி வைத்தார்.

"அக்கா, அது எந்தக் கட்சியிலேர்ந்து வந்த கூட்டம்னு தெரியுமா? எழுபத்தொண்ணுல கலகம் பண்ணுன இந்தச் செவப்புச் சட்டைக்காரங்கதான் நம்ம ஆளுகள இந்தியாக்காரனோட கையாளுன்னு பாடம் நடத்துனாங்க. அப்பா சொல்லிச் சொல்லி மாஞ்சாரே!"

"அது அந்தக் காலம். பாடம் நடத்துனவனெல்லாம் செத்துப் போயிட்டான். இப்ப நம்ம தோட்டத்துப் பொம்பளப் புள்ளைங்க அதுல நிக்குதுங்க. பாராளுமன்றத்துக்குப் போவுதுங்க. வெளங்குதா?"

"வெளங்கல."

"ஒனக்கு எப்புடி வெளங்கும்? நீ ரேடியோவுல கேட்ட ஆளு. நான் இங்கன கெடக்கேன்."

"அப்பா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார் வேல்ராஜ்.

"அப்பா ஒன்னயத்தான் கூட்டிட்டுப் போனாரு" என்றாள் இருளாயி. குரல் உயரவில்லை. "என்னைய விட்டுட்டுத்தான் போனாரு. அங்கிட்டும் இல்லாம இங்கிட்டும் இல்லாம நான் நின்னது ஒனக்குத் தெரியாது. அப்பா பேரச் சொல்லி என் வோட்ட நீ கேக்காத."

வேல்ராஜ் அப்போது பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அடைக்கலராஜ் பக்கத்திலேயே டீ கிளாசோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மனுசனுக்கு ரோசம் வந்துவிட்டது.

"அப்புடின்னா அங்கேயே இருந்துக்க. கல்யாணத்துக்கு வர வேணாம்" என்று சொல்லிவிட்டார்.

இருளாயி போனை வைத்துவிட்டாள். வெடிச் சத்தமும் நின்றது.

மத்தியானம் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. வள்ளி பாலசமுத்திரத்துக்காரி. கடலைக்கூட ராமேஸ்வரத்தில் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, ரசத்தை ஊற்றியபடி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏங்க, சித்திரையில நம்ம எலெக்சன் வந்துச்சே. நீங்க எதுல குத்துனீங்க?"

"அது எதுக்கு இப்ப?"

"சும்மா சொல்லுங்க."

வேல்ராஜ் யோசித்தார். வாக்குச் சாவடிக்கு வெளியே வார்டுக்காரர் சொன்னார், கூட்டணிக்காரங்க நிக்கிறாங்க, இந்தச் சின்னத்தில் போடுங்க என்று. உள்ளே போய் பொத்தானை அழுத்தினார். கண்ணாடிக்குள் சீட்டு தெரிந்து விழுந்தது. வந்து வண்டியை எடுத்துக்கொண்டு சவாரிக்குப் போய்விட்டார்.

"அரிவாள் சுத்தியல்" என்றார்.

"அது என்ன கலரு?"

அவர் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"செவப்புதான?" என்றாள் வள்ளி. "திண்டுக்கல்லுல அதுதான ஜெயிச்சுச்சு? இங்க நீங்க செவப்புல போடலாம், அங்க மதினி செவப்புல போடக் கூடாதா?"

"அந்தச் செவப்பு வேற, இந்தச் செவப்பு வேற."

"என்ன வேற?"

அதைச் சொல்லத்தான் வேல்ராஜ் வாயைத் திறந்தார். இங்கே இவர்கள் இன்ன கொள்கை, அங்கே அவர்கள் இன்ன கொள்கை என்று தொடங்கினால், இங்கே உள்ள கொள்கை என்னவென்று அவருக்கே தெரியவில்லை. அங்கே உள்ளதும் அப்பா சொன்ன கதையாகவே இருந்தது. அப்பா இறந்து முப்பது வருடம் ஆகிறது. இலங்கையில் யார் எத்தனை இடம் என்று கேட்டால் கடகடவென்று சொல்லக்கூடியவர், தான் ஏப்ரல் மாதம் அழுத்திய பொத்தானுக்கு ஒரு காரணம் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தார். ரசம் ஆறிப்போனது.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. சனிக்கிழமையும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பழனிக்குப் போய் மண்டபத்துக்கு மிச்ச அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, அடிவாரத்தில் நின்று போட்டார். அப்போதும் இல்லை. பொண்ணோட அத்தை வரலையா என்று சம்பந்தி வீட்டில் கேட்டால் என்ன சொல்வது? தேர்தல் முடிவில் சண்டை என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? 'நீ வராதே' என்று தான் சொன்னது அவருக்கே நம்பமுடியாததாக இருந்தது. யாருக்காகச் சொன்னோம்? அந்தச் சேவலுக்கு அவர் வாழ்நாளில் ஒரு ஓட்டுக்கூடப் போட்டதில்லை.

திங்கட்கிழமை வள்ளிதான் பேசினாள். அவள் போட்டதும் இருளாயி எடுத்துவிட்டாள். இரண்டு பேரும் கல்யாணப் பொண்ணு ரம்யாவின் ஜாக்கெட் அளவு, அங்கே மழை, இங்கே பூண்டு விலை என்று பேசினார்கள். வேல்ராஜ் கதவோரம் நின்று கேட்டார். கடைசியில் வள்ளி போனை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நாளைக்கு மதியம் மதுரைக்கு வர்றாங்களாம். ரம்யாவுக்காகத்தான் வர்றேன், ஒன் புருசனுக்காக இல்லன்னு சொல்லச் சொன்னாங்க. சொல்லிட்டேன்."

மறுநாள் அவர் விமான நிலையத்துக்கு ரொம்ப முன்னதாகவே போய் நின்றார். இருளாயி ஒரு கையில் பையும் இன்னொரு கையில் தேயிலைப் பொட்டலங்களுமாக வந்தாள். இடது கை விரலில் மை இன்னும் கறுப்பாக இருந்தது. பையை வாங்கிக்கொண்டார். அவளை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

வத்தலக்குண்டில் டீக்கடை முன்னால் நிறுத்தினார். "தேத்தண்ணி குடிக்கிறியா?" என்று, தன்னையறியாமல் அவள் ஊர்ச் சொல்லிலேயே கேட்டார். பெஞ்சில் உட்கார்ந்து கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவளாகவே ஆரம்பித்தாள்.

"எழுபத்தேழுல எலெக்சன் அன்னிக்கு, பிரஜாவுரிமைச் சீட்டு இருக்கவங்களுக்குத் தோட்டத்துத் தொரை லீவு குடுத்தாரு. எனக்கு இல்ல. நான் தேயிலைக் கொழுந்து எடுத்தேன். அதுக்கப்புறம் எத்தனையோ எலெக்சன், அன்னிக்கெல்லாம் கொழுந்துதான் எடுத்தேன். ரெண்டாயிரத்து மூணுல சட்டம் வந்துதான் பிரஜையானேன். அடுத்த வருசம் மொத வோட்டு. அப்ப எனக்குப் பேரன் பொறந்தாச்சு. பழக்கமில்லாம ரெண்டு கட்சிக் கட்டத்துலயும் புள்ளடி போட்டுட்டேன். செல்லாது."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"வெக்கமா இருந்துச்சு. அதுக்கப்புறம் தலைவர் சொன்ன மாதிரி சேவல்காரங்களுக்குத்தான் போட்டேன். அவங்க ஜெயிச்சாங்க, மந்திரி ஆனாங்க. என் லயத்து வீடு அப்புடியே ஒழுகிக்கிட்டுக் கெடக்கு. இந்தத் தடவை யாரையும் கேக்கல. நானா போட்டேன். கட்சிக்கு ஒரு புள்ளடி, ஆளுக்கு மூணு."

"ஒரு ஆளு நாலு ஓட்டா போடுவ?"

"நாலு இல்ல, ஒரு வோட்டுதான். விருப்பு வாக்கு மூணு, கட்சிக்குள்ள நமக்குப் புடிச்ச ஆளுகளுக்கு."

"அது எப்படி ஒண்ணு, மூணு..."

"விடு, ஒனக்கு ஏறாது."

உண்மையிலேயே ஏறவில்லை. இத்தனை வருடம் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, அந்தச் சீட்டு எப்படி இருக்கும் என்பதே தெரியாது.

"இவங்களும் ஒண்ணும் செய்யலன்னா?" என்று கேட்டார்.

"அடுத்த தடவை மாத்திப் போடுவேன். அதுக்குத்தான போனேன்."

மலைப்பாதையில் வண்டி ஏறத் தொடங்கியது. கொண்டை ஊசி வளைவுகளில் பனி தொங்கியது. இருளாயிக்கு இப்போது பேசும் மனநிலை வந்துவிட்டது.

"இங்க ஒங்க ஊர்ல யாரு ஜெயிச்சா?"

"நான் போட்டவங்கதான்" என்றார் வேல்ராஜ். "பெரிய வித்தியாசத்துல."

"அப்ப அரசாங்கம் ஒன் ஆளுகதான்."

"இல்ல. தமிழ்நாட்டுல அந்தக் கூட்டணிதான் எல்லா எடமும். ஆனா டெல்லியில வேற ஆளுக."

"எல்லா எடமும் ஜெயிச்சும் அரசாங்கம் இல்லையா?"

"இங்க எல்லா எடமும். அங்க முழுசா எரநூத்தி எழுபத்தி ரெண்டு வேணும்."

"அரசாங்கம் பண்றவங்களுக்கு அது கெடச்சுச்சா?"

"தனியாக் கெடைக்கல. சேத்துக்கிட்டாங்க."

எதிரே வந்த பஸ்ஸுக்கு வேல்ராஜ் ஒதுங்கி வழிவிட்டார்.

"அப்ப நீ ஜெயிச்சியா தோத்தியா?"

வேல்ராஜ் கியரை மாற்றினார். ஜூன் மாதம் ஸ்டாண்டில் எல்லோரும் லட்டு சாப்பிட்டார்கள், இவரும் சாப்பிட்டார். அன்றைக்குச் சாயங்காலமே டெல்லியிலும் வேறு யாரோ லட்டு சாப்பிட்டதை டிவியில் பார்த்தார். அப்போது அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"தெரியலக்கா" என்றார்.

அக்கா சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை. சின்ன வயதில் அவர் கணக்கைத் தப்பாகப் போட்டால் சிரிக்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்பு வந்த தைரியத்தில் அவர் சொன்னார்:

"அன்னிக்கு போன்ல சொன்னது... வர வேணாம்னு..."

"ரோட்டப் பாத்து ஓட்டு."

அவ்வளவுதான். மன்னித்தாளா இல்லையா என்று அவருக்குப் புரியவில்லை. கேட்கவும் துணிவில்லை.

மறுநாள் சாயங்காலம் பழனி மண்டபத்தில் நலுங்கு. இருளாயி ரம்யாவின் கையில் மஞ்சள் பூசினாள். சம்பந்தி வீட்டு அம்மாள் ஒருத்தி அவள் விரலைப் பார்த்துவிட்டு, "என்னங்க, மருதாணி கறுத்திருச்சா?" என்று கேட்க, இருளாயி நடந்ததையெல்லாம் ஆதியோடந்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். ஒரு ஓட்டுக்காகக் கடல் தாண்டிப் போய்வந்த கதை மாப்பிள்ளை வீட்டாருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து, "ஒங்க கட்சிதான் ஜெயிச்சதாமே, வாழ்த்துகளுங்க" என்று வேல்ராஜின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வேல்ராஜ், "இல்லங்க, அது அக்கா கட்சி" என்றார். பிறகு, "நாங்க வேற" என்றார். அதுவும் சரியாகப் படவில்லை. "ஆமாங்க, நன்றிங்க" என்று முடித்துக்கொண்டார்.

சாப்பாட்டுக் கூடத்தில் தாம்பூலப் பை கட்டும் வேலை பாக்கி கிடந்தது. தேங்காய் ஒரு பக்கம், வெற்றிலை பாக்கு ஒரு பக்கம். இருளாயியும் வள்ளியும் எதிரெதிரே உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே தம்பி, என்ன வேடிக்கை பாக்குற? வெரசா வா, தேங்காய எடுத்துக் குடு."

வேல்ராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு தேங்காயாக எடுத்துக் கொடுத்தார். எதிரே இரண்டு பெண்களும் குரலைத் தாழ்த்தி ஏதோ பேசிக்கொண்டு, அவர் முகத்தை ஒரு தடவை பார்த்து, சேர்ந்தாற்போல் சிரித்தார்கள்.

"என்ன சிரிப்பு?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல" என்றாள் வள்ளி.

"ஒனக்கு ஏறாது" என்றாள் அக்கா.

அவர் அடுத்த தேங்காயை எடுத்தார்.